டர்போ என்ஜினில் கூடுதல் பவர்: கோளாறு பார்ப்பதிலிருந்து டியூனிங் வரை முழுமையான வழிகாட்டி

ஒரே மாடல், ஒரே என்ஜின், இரண்டு கார்கள். ஒன்று 20 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) பூஸ்டில், அதாவது டர்போ சேர்க்கும் கூடுதல் காற்றழுத்தத்தில் ஓடியது, மற்றது 15-இல். பவரை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தபோது 15-இல் ஓடிய காருக்குத்தான் பவர் அதிகம். 20-காரரின் முகம் வாடிப்போனது. அவர் பூஸ்ட் கண்ட்ரோலரை மட்டும் திருகிவிட்டு வந்தவர். மற்றவரோ டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் எக்ஸாஸ்டையும் சரிசெய்து, அதற்கேற்ப என்ஜின் கணினியின் அமைப்புகளை மாற்றி ரீமேப் செய்திருந்தார்.

பூஸ்ட் மீட்டர் காட்டுவது, சிலிண்டருக்குள் போக வழியில்லாமல் இன்டேக் மேனிஃபோல்டில் முட்டிக்கொண்டு நிற்கும் காற்றின் அழுத்தத்தை. உள்ளே போய் எரிந்த காற்றின் எடையை எந்த முள்ளும் நேரடியாகக் காட்டாது. பவர் வருவதோ அந்த எடையிலிருந்து. இதை மனதில் வைத்துக்கொண்டால், எந்தப் பாகத்தை முதலில் வாங்குவது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்ற பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

கீழே உள்ள படிகள் பெட்ரோல் டர்போ என்ஜினை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வரிசையை மாற்ற வேண்டாம். நோயுள்ள என்ஜினில் பூஸ்டை ஏற்றினால் நோயும் சேர்ந்தே ஏறும்.

கணக்கு கொஞ்சம்

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. டர்போ இன்னொரு 14.7 சேர்த்தால் மொத்த அழுத்தம் இரண்டு மடங்கு. ஆனால் காற்று இரண்டு மடங்கு வந்துவிடாது, ஏனென்றால் அழுத்தினால் காற்று சூடாகும், சூடான காற்று விரியும். 27 டிகிரி செல்சியஸில் உள்ளே இழுத்த காற்றை, 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசர் (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) இரண்டு மடங்கு அழுத்தத்திற்குக் கொண்டுபோகும்போது அது ஏறத்தாழ 120 டிகிரியில் வெளியே வருகிறது. அதே கம்ப்ரசரை அதன் எல்லையைத் தாண்டி விரட்டி, திறன் 60 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் சூடு 135-ஐ எட்டும். இதனால்தான் சின்ன டர்போவில் பூஸ்டை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் பவர் ஏறாமல் சூடு மட்டும் ஏறுகிறது.

அந்த 120 டிகிரிக் காற்றை நல்ல இன்டர்கூலர் ஒன்று 55 வரை இறக்கினால், அழுத்த இழப்பைக் கணக்கில் எடுக்காமல், சாதாரணக் காற்றைப் போல சுமார் 1.8 மடங்கு அடர்த்தி கிடைக்கும். 2 லிட்டர் என்ஜின் 6000 ஆர்.பி.எம்.-இல் இப்படி ஓடும்போது நிமிடத்திற்கு ஏறக்குறைய 12 கிலோ காற்றை விழுங்குகிறது. பவுண்டில் சொன்னால் 27. ஒரு பவுண்டுக்கு 10 குதிரைத்திறன் என்பது டியூனர்களின் மனக்கணக்கு. ஆக, 270 குதிரைத்திறன் பக்கம். இந்த 270-ஐ எரிபொருள் பகுதியில் மறுபடியும் எடுக்கப்போகிறோம்.

படி 1: என்ஜினின் உடல்நிலை

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் என்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்ப்ரஷன் டெஸ்ட் முதலில். என்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லா பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். அளவு எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் பேசும். 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

லீக்டவுன் டெஸ்ட் இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் சோதனை அது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை, 20-ஐத் தாண்டினால் என்ஜினைத் திறக்க வேண்டியிருக்கும். கசியும் காற்றுக்குக் காது கொடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியில் சத்தம் வந்தால் ரிங், சைலன்சர் குழாயில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கட்.

கழற்றிய பிளக்குகளைத் தூக்கி எறிய வேண்டாம். சிலிண்டர் வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகளோ, மினுக்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே நாக்கிங்கில், அதாவது கலவை தானாக வெடிப்பதில், அடிவாங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்து ஸ்கேனரை மாட்டி ஃப்யூயல் டிரிம், அதாவது என்ஜின் கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருத்தத்தைப் பாருங்கள். நீண்டகால டிரிம் பிளஸ் மைனஸ் 5 சதவீதத்துக்குள் இருப்பது அழகு. பிளஸ் 10-ஐத் தாண்டினால் எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது அல்லது எரிபொருள் போதவில்லை.

டைரக்ட் இன்ஜெக்ஷன் என்ஜினாக இருந்தால் இன்னொன்று: பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வுகளைக் கழுவ எதுவுமில்லை. நிறைய ஓடிய வண்டிகளில் வால்வின் முதுகில் கரி அடை போலப் படிந்திருக்கும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்துச் சுத்தம் செய்த பிறகு, ஒரு பாகமும் மாற்றாமலேயே இழுவை திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: பூஸ்ட் கசிவைப் பிடிப்பது

என் சொந்தக் கதை ஒன்று. மேடு ஏறும்போது மட்டும் இழுவை குறைந்துகொண்டிருந்தது. ஸ்கேனர் பி0299 காட்டியது, அதாவது பூஸ்ட் போதவில்லை. டர்போதான் போய்விட்டது என்று மூன்று பேர் அடித்துச் சொன்னார்கள். வேஸ்ட்கேட் (டர்போவைச் சுற்றாமல் எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் கதவு), அதைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு, காலை எடுத்ததும் பூஸ்டை விடுவிக்கும் டைவர்ட்டர் வால்வு என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். கடைசியில் குற்றவாளி, இன்டர்கூலரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் இருந்த ஒரு கீறல். கையில் வைத்து அழுத்தினால் தெரியாது. அழுத்தம் ஏறும்போது மட்டும் வாயைத் திறக்கும். அரை மணி நேரச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டியது, எனக்கு ஆறு வாரம் ஆனது.

சோதனை இதுதான். காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சருக்கு அப்பால், டர்போவின் காற்று நுழையும் வாயை, நடுவில் காற்று வால்வு பொருத்திய மூடியால் அடைத்து கிளாம்ப் போடுங்கள். பி.வி.சி. குழாய் மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி நீங்களே செய்துகொள்ளலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள், என்ஜினின் அடிவயிறான கிராங்க்கேஸில் அழுத்தம் தேங்கி ஆயில் சீல்களைத் தள்ளிவிடாமல் இருக்க. ரெகுலேட்டர் வழியாக 5 பி.எஸ்.ஐ.-இல் தொடங்கி மெதுவாக 15 வரை ஏற்றுங்கள். அந்த மூடிக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம், கிளாம்ப் வழுக்கினால் அது துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும்.

பிறகு சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளியுங்கள். ஹோஸ் முனைகள், இன்டர்கூலரின் ஓரத் தொட்டிகள், த்ராட்டில் கேஸ்கட், இன்ஜெக்டர் ஓ-ரிங், டைவர்ட்டர் வால்வு, மெல்லிய வாக்யூம் குழாய்கள். வால்வுகள் திறந்திருக்கும் சிலிண்டர் வழியாகவும் ரிங் வழியாகவும் காற்று கொஞ்சம் கசிந்து அழுத்தம் மெல்ல இறங்குவது இயல்பு. ஆனால் ஆயில் மூடித் துளையில் ‘புஸ்’ என்று பலமாக வந்தால், கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பி.சி.வி. வால்வு மூட மறுக்கிறது. பூஸ்ட் நேராக என்ஜினின் வயிற்றுக்குள் போகிறது.

கசிவு எங்கே என்பதைப் பொறுத்து நோயின் குறியும் மாறும். ஏர்ஃப்ளோ சென்சர் உள்ள வண்டியில், அளந்த காற்று ஹோஸ் வழியே வெளியேறினால், இல்லாத காற்றுக்கும் ஈ.சி.யூ. (என்ஜின் கணினி) பெட்ரோல் ஊற்றும். பூஸ்டில் வண்டி ரிச்சாக (பெட்ரோல் மிகுந்து) ஓடி கறுப்புப் புகை விடும். த்ராட்டிலுக்குப் பின்னால் கசிவு என்றால் ஐடிலில் அங்கே வாக்யூம் இருப்பதால் அளக்காத காற்று உள்ளே புகுந்து லீனாக (பெட்ரோல் குறைந்து) ஓடும். ஐடிலில் லீன், மிதித்தால் ரிச் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் இன்டேக் மேனிஃபோல்டு பக்கம் தேடுங்கள்.

படி 3: இன்றைய நிலையைப் பதிவு செய்வது

கசிவுகளை அடைத்த பிறகு லாக் (ஸ்கேனர் பதிவு) எடுங்கள். மூடிய தடத்தில் அல்லது டைனோவில், மூன்றாவது கியரில் 2000 ஆர்.பி.எம்.-இலிருந்து முழுதாக மிதித்து சிவப்புக் கோடு வரை ஒரே இழுப்பு. பதிவாக வேண்டியவை: கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், இன்டேக் காற்றின் வெப்பம், இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்), நாக் ரிட்டார்ட் (நாக்கிங்கால் ஈ.சி.யூ. டைமிங்கைப் பின்தள்ளும் அளவு), லாம்டா (காற்று-எரிபொருள் கலவையின் அளவு), எரிபொருள் அழுத்தம், இன்ஜெக்டர் டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் சதவீதம்). இந்தக் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஏதாவது தவறினால் ‘முன்பு எப்படி இருந்தது’ என்று கேட்க இதைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

படி 4: குறியிலிருந்து நோயை அறிவது

பூஸ்ட் போதவில்லை என்றால் மலிவானதிலிருந்து தொடங்குங்கள்: அடைத்த ஏர் ஃபில்டர், கசியும் ஹோஸ், கிழிந்த டைவர்ட்டர் வால்வு டயாஃப்ரம், தளர்ந்த வாக்யூம் குழாய், பூஸ்ட் சோலனாய்டு. அடுத்து வேஸ்ட்கேட் கை. அதன் பின்னில் ஆட்டம் விழுந்தால் கதவு முழுக்க மூடாது, ஐடிலில் கடகடவென்று சத்தமும் வரும். எக்ஸாஸ்ட் வாயுவால் சுழலும் டர்பைனுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருந்தாலும் டர்போவைச் சுற்ற வேண்டிய வாயு வெளியே ஓடிவிடும். குளிர்ந்த என்ஜினில் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடானதும் உலோகம் விரிந்து சத்தம் அடங்கினால் அந்த விரிசலைத் தேடலாம்.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று அறிய, அதற்கு முன்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்த மானியைப் பொருத்துங்கள். சும்மா நிற்கும் வண்டியில் 2500 ஆர்.பி.எம்.-க்கே 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் சந்தேகம் உறுதி.

பூஸ்ட் எகிறினால் அது எந்த வகை எகிறல் என்று லாகில் பாருங்கள். சட்டென்று உச்சிக்குப் போய் இறங்கினால் அது ஸ்பைக். வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கிறது, கண்ட்ரோலர் அமைப்பைத் திருத்தினால் போதும். ஆர்.பி.எம். ஏற ஏற பூஸ்டும் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் அது க்ரீப். வேஸ்ட்கேட் முழுக்கத் திறந்தும் வாயுவுக்கு அந்த வழி போதவில்லை. எக்ஸாஸ்டை அகலமாக்கிய பிறகு பலரும் சந்திக்கும் தலைவலி இது. துளையைப் பெரிதாக்குவதோ பெரிய வெளி வேஸ்ட்கேட் வைப்பதோதான் மருந்து, எந்த கண்ட்ரோலரும் இதைச் சரிசெய்யாது. வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் அழுத்தத்துக்குக் கீழே பூஸ்டை இறக்க கண்ட்ரோலரால் முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீலப் புகையைக் கண்டதும் டர்போவை மாற்றச் சொல்பவர்களிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லுங்கள். டர்போவுக்குள் ஆயிலைத் தடுப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையம். உள்ளே வந்த ஆயில் தடையின்றி அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு வடிந்தால் மட்டுமே அது வேலை செய்யும். வடிகால் குழாய் நெளிந்திருந்தாலோ, உள்ளே கரி அடைத்திருந்தாலோ, பி.சி.வி. பழுதாகி கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறியிருந்தாலோ, நல்ல டர்போவும் எண்ணெய் கக்கும். புது டர்போ போட்ட மறுவாரமே மறுபடி புகை வருவது இதனால்தான். கம்ப்ரசர் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆயில் வற்றிய புஷ் பேரிங் டர்போவில் பக்கவாட்டில் சிறு ஆட்டம் சகஜம். முன்பின்னாக ஆட்டம் உணர முடிந்தாலோ, இறக்கைகள் உறையை உரசிய தடம் தெரிந்தாலோ அதன் கதை முடிந்தது. இன்டர்கூலர் குழாயில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பயம் வேண்டாம். தேங்கி நின்றால்தான் விசாரணை.

காலை எடுத்ததும் புறா இறக்கை அடிப்பது போல ‘படபட’ சத்தம் வருவது கம்ப்ரசர் சர்ஜ். சிலருக்கு அது சங்கீதம். பேரிங்குக்கு அப்படியல்ல. ஏர்ஃப்ளோ சென்சர் உள்ள வண்டியில் காற்றை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வு வைக்க வேண்டாம். அளந்த காற்று வெளியே போய்விடுவதால் கியர் மாற்றும்போதெல்லாம் ரிச்சாகித் தடுமாறும். இன்டேக்குக்கே காற்றைத் திருப்பி அனுப்பும் வால்வு போதும்.

படி 5: மூச்சும் குளிர்ச்சியும்

எனக்கு ஒரே ஒரு பாகம்தான் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் இன்டர்கூலர் வாங்குவேன். அது டைனோ தாளில் கொடுக்கும் உச்ச எண்ணைவிட, தொடர்ந்து நான்கு ஐந்து முறை மிதித்த பிறகும் பவர் சோராமல் இருப்பதுதான் லாபம். லாகில் முதல் இழுப்புக்கும் ஐந்தாவது இழுப்புக்கும் இடையே இன்டேக் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று ஒப்பிடுங்கள். 10 டிகிரிக்குள் அடங்கினால் இருப்பதே போதும். 30 டிகிரி தாவினால் மாற்றுங்கள். மிகப் பெரியதாகவும் வாங்க வேண்டாம், ரேடியேட்டருக்குக் காற்று போவதை அது மறைக்கும்.

டர்போவிலிருந்து எக்ஸாஸ்ட் வெளியேறும் டவுன்பைப் அடுத்தது. டர்பைனுக்குப் பின்னால் தடை குறைந்தால் டர்போ சீக்கிரம் சுழலத் தொடங்கும். ஆனால் கன்வர்ட்டரையே கழற்றி எறியும் வேலை வேண்டாம். பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் அதை நீக்குவது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். வாயுவைத் தாராளமாக விடும் கன்வர்ட்டரோடு வரும் டவுன்பைப் கொஞ்சம்தான் பவரை விட்டுக்கொடுக்கும். பவர் கூட்டும் எந்த மாற்றத்தையும் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிடுவதும் புத்திசாலித்தனம். உற்பத்தியாளரின் வாரண்ட்டி சிக்கலாகும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஏர் ஃபில்டர் பற்றி ஒரு வரி போதும்: பானெட்டுக்கடியில் சூடான காற்றை உறிஞ்சும் பளபளப்பான கூம்பு ஃபில்டரைவிட, வெளிக்காற்றை இழுக்கும் கம்பெனி ஃபில்டர் பெட்டி பல நேரம் மேல்.

படி 6: எரிபொருள்

முன்பு வைத்த 270-ஐ எடுங்கள். டர்போ பெட்ரோல் என்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்திற்குச் சுமார் 6 சி.சி. பெட்ரோல் வேண்டும். 270 பெருக்கல் 6, மொத்தம் 1620. நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் 405. இன்ஜெக்டர் 80 சதவீத டியூட்டிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தால் ஒவ்வொன்றும் 500 சி.சி.க்கு மேல் தர வேண்டும். இன்டேக் குழாயில் பெட்ரோல் பீய்ச்சும் போர்ட் இன்ஜெக்ஷன் என்ஜினுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும்.

பூஸ்ட் ஏறும்போது எரிபொருள் அழுத்தமும் அதே அளவு ஏற வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் ஊட்டும் ரெயிலில் 43 பி.எஸ்.ஐ. அடிப்படை அழுத்தம் இருந்து, மேனிஃபோல்டில் 20 பி.எஸ்.ஐ. எதிர்த்துத் தள்ளினால் இன்ஜெக்டர் முனையில் மிஞ்சுவது 23-தான். அதைச் சமன்செய்யவே ரெகுலேட்டருக்கு ஒரு வாக்யூம் குழாய் வருகிறது. அது கழன்றிருந்தால் உச்ச பூஸ்டில் என்ஜின் லீனாகும், பிஸ்டன் உருகும்.

டைரக்ட் இன்ஜெக்ஷனில் கதை வேறு. அங்கே ரெயில் அழுத்தம் 200 பாருக்கும் மேல். கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் உயரழுத்த பம்புதான் எல்லை. ரீமேப் செய்த பிறகு உச்சத்தில் ரெயில் அழுத்தம் சரிந்து, அதைக் குறிக்கும் பி0087 பிழைக்குறி வந்தால் பம்பைப் பாருங்கள், இன்ஜெக்டரை அல்ல. டேங்கிலுள்ள தாழழுத்த பம்பு அதற்கே சரியாக ஊட்டவில்லை என்பதும் உண்டு.

எத்தனால் கலப்பு 85 சதவீதம் உள்ள எரிபொருள் நாக்கிங்கை அருமையாகத் தாங்கும், ஆவியாகும்போது காற்றையும் குளிர்விக்கும். விலை என்னவென்றால் 30 முதல் 40 சதவீதம் கூடுதல் எரிபொருள் ஓட்டம். இன்ஜெக்டரும் பம்பும் அதற்குத் தயாராக இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

படி 7: தீப்பொறி

அடர்ந்த காற்றில் பொறி தாவுவது கடினம். உச்ச பூஸ்டில் வண்டி திக்கித் திணறினால், எரிபொருளைச் சந்தேகிக்கும் முன் பிளக் இடைவெளியைப் பாருங்கள். 1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் 0.7 பக்கம் குறைத்தால் பெரும்பாலும் திணறல் நின்றுவிடும். நிற்காவிட்டால் காயில். பவர் கணிசமாக ஏறினால் ஒரு படி குளிர்ந்த பிளக் போடுவது வழக்கம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ச்சி கூடும். பாஷ் பிளக்கில் எண் குறைந்தால்தான் குளிர்ச்சி. அட்டவணை பார்க்காமல் மாற்றாதீர்கள்.

படி 8: ரீமேப், நாக்கிங் என்ற பழைய எதிரி

1962-இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற கார் டர்போவோடு விற்பனைக்கு வந்தது. அதன் கம்ப்ரஷன் விகிதம் 10.25-க்கு 1. நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து என்ஜினுக்குள் பீய்ச்சினார்கள். உரிமையாளர்கள் பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். டர்போ என்ஜினில் எதிரி அன்றும் நாக்கிங்தான், இன்றும் நாக்கிங்தான். 1980-களின் தொடக்கத்தில் சாப் நிறுவனம் நாக்கிங்கைச் சென்சரால் கேட்டு பூஸ்டைக் குறைக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான், தினமும் ஓட்டும் வண்டியில் டர்போ நிம்மதியாகக் குடியேறியது.

பொறி பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் மீந்த கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாக வெடிப்பது நாக்கிங். அதை விரட்ட மூன்று வழி: காற்றைக் குளிர்விப்பது, ஆக்டேன் கூட்டுவது, டைமிங்கைப் பின்தள்ளுவது. மூன்றாவது இலவசம் போலத் தோன்றும். ஆனால் டைமிங்கைப் பின்தள்ளினால் எரிதல் தாமதமாகி எக்ஸாஸ்ட் சூடு ஏறும், அது டர்பைனைச் சுடும்.

டியூனரிடம் வண்டியை விட்டுவிட்டு வந்தால் போதாது. அவர் எழுதிய மேப்பை நீங்களே லாக் எடுத்துப் பாருங்கள். பூஸ்டில் பெட்ரோல் வண்டியின் லாம்டா பொதுவாக 0.78-க்கும் 0.85-க்கும் இடையே இருக்கும், காற்று-எரிபொருள் விகிதமாகச் சொன்னால் 11.5 முதல் 12.5. நாக் ரிட்டார்ட் எப்போதாவது ஓரிரு டிகிரி வந்து போவது பிரச்சினையல்ல. ஒரே ஆர்.பி.எம்.-இல், ஒவ்வொரு இழுப்பிலும், நான்கைந்து டிகிரி வந்தால் அது எச்சரிக்கை. ஒரே சிலிண்டரில் மட்டும் வந்தால் மேப்பைக் குறைசொல்லும் முன் அந்த இன்ஜெக்டரையும் பிளக்கையும் பாருங்கள்.

பூஸ்டை ஏற்றும்போது 1 அல்லது 2 பி.எஸ்.ஐ. வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் லாக் எடுப்பதுதான் முறை. பூஸ்ட் ஏறியும் டைமிங் தானாகப் பின்வாங்கி பவர் அப்படியே நின்றால், எல்லை வந்துவிட்டது. 2 பி.எஸ்.ஐ. குறைத்து அங்கேயே நில்லுங்கள்.

டைனோ தாளில் அழகாகத் தெரிகிறதே என்று 2000 ஆர்.பி.எம்.-இலேயே டார்க்கை மலைபோல எழுப்பும் மேப்புகளை நான் நம்புவதில்லை. கனெக்டிங் ராடை வளைப்பது உச்ச பவர் அல்ல, குறைந்த ஆர்.பி.எம்.-இல் வரும் சிலிண்டர் அழுத்தம். சின்ன டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போக்களில் இதே பகுதியில்தான், பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் எல்.எஸ்.பி.ஐ. என்ற கோளாறும் பதுங்கியிருக்கிறது. ஆயிலில் உள்ள கால்சியம் அதைத் தூண்டுவது தெரியவந்த பின் ஆயில் தரத்தையே திருத்தினார்கள். 2020-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம் அதைச் சோதித்தே அனுமதிக்கிறது. டப்பாவில் அந்த இரண்டெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். டாப் கியரில் 1500-இல் ஊர்ந்துகொண்டே முழுதாக மிதிப்பதையும் விட்டுவிடுங்கள், ஒரு கியர் இறக்குங்கள்.

படி 9: பெரிய டர்போ

இதற்கு மேலும் பவர் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும். ஒவ்வொரு கம்ப்ரசருக்கும் ஒரு வரைபடம் உண்டு. கிடைக்கோட்டில் காற்றின் அளவு, நெடுக்கோட்டில் அழுத்த விகிதம், நடுவில் தீவுகள் போலத் திறன் வளையங்கள். இடது ஓரம் சர்ஜ் கோடு, வலது ஓரத்தில் கம்ப்ரசர் மூச்சுத்திணறும். உங்கள் 27 பவுண்டு, அழுத்த விகிதம் 2 என்ற புள்ளி எந்தத் தீவில் விழுகிறது என்று குறித்துப் பாருங்கள். வலது ஓரத்தில் விழுந்தால் டர்போ சின்னது. நடுத்தீவுக்கு வெகு இடப்பக்கம் விழுந்தால் நீங்கள் தேவைக்கு மேல் பெரிதை வாங்கி, 4000 ஆர்.பி.எம்.வரை காத்திருக்கப் போகிறீர்கள்.

மாட்டும்போது புது ஆயில் ஊட்டுக் குழாய் போடுங்கள். பழையதில் ஒட்டியிருக்கும் ஒரு துளி கரி, நிமிடத்திற்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பேரிங்கைத் தின்றுவிடும். ஆயில் இணைப்புகளில் சிலிகான் பசை தடவவே கூடாது. பழைய டர்போவின் சக்கரம் உடைந்திருந்தால் இன்டர்கூலருக்குள் அதன் துண்டுகள் கிடக்கும், கழுவியோ மாற்றியோ தீர வேண்டும். வடிகால் குழாய் நேராகக் கீழ்நோக்கி, சம்பின் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை விட்டு, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐடிலிலேயே விடுங்கள், உறுமவிட வேண்டாம்.

படி 10: மாட்டிய பிறகு

கூடுதல் டார்க்கை முதலில் எதிர்ப்பது கிளட்ச். நான்காவது கியரில் மிதிக்கும்போது ஆர்.பி.எம். எகிறி வேகம் ஏறாவிட்டால் அது வழுக்குகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் அதன் மென்பொருளில் டார்க் எல்லை இருக்கும், அதையும் டியூனர் பார்க்க வேண்டும். பிரேக் பேடும், அதிக வெப்பம் தாங்கும் பிரேக் ஆயிலும் போட்ட பிறகே புது வேகத்தைச் சோதியுங்கள்.

முதல் 100 கிலோமீட்டரில் எல்லா ஹோஸ் கிளாம்புகளையும் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள், சூடேறி ஆறியதில் தளர்ந்திருக்கும். 1000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஃபில்டரை அறுத்துப் பிரித்து உள்ளே உலோகத் துகள் மினுக்குகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பிளக்குகளையும் கழற்றி முன்பு அடுக்கிவைத்த பழைய பிளக்குகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். பிறகு படி 3-இல் செய்த அதே இழுப்பை, அதே கியரில், முடிந்தால் அதே வெப்பநிலையில் மறுபடி பதிவு செய்து, இரண்டு லாகையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பூஸ்ட் கோட்டைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது இன்டேக் வெப்பத்தையும் நாக் ரிட்டார்டையும்.